தாளில் கட்டிய எம்டன்

தாள் தட்டையானது. கப்பலின் உடலோ எங்கும் வளைந்தது. காகிதத்தில் கப்பல் கட்டுபவரின் சிக்கல் முழுவதும் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் இருக்கிறது. இரும்புத் தகட்டில் உண்மைக் கப்பலைக் கட்டியவர்களுக்கும் இதே சிக்கல்தான் இருந்தது. தகடும் தட்டையாகத்தான் உருக்காலையிலிருந்து வந்தது. அதனால் நல்ல காகித மாதிரி ஒன்றைக் கட்டி முடித்தவருக்கு அந்தக் கப்பலின் தோற்றம் மட்டுமல்ல, அது ஏன் அந்த வடிவில் இருக்கிறது என்பதும் விரல்நுனியில் புரிந்துவிடுகிறது. புகைப்படத்தை எத்தனை முறை பார்த்தாலும் வராத அறிவு இது.

எடுத்துக்காட்டுக்கு எம்டனை எடுத்துக்கொள்வோம். 1914 செப்டம்பர் 22 இரவு சென்னைத் துறைமுகத்துக்கு வெளியே வந்து நின்று, பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டு எரித்துவிட்டுப் போன ஜெர்மன் க்ரூசர். டான்சிக் நகரின் அரசுக் கப்பல்தளத்தில் கட்டி 1908-இல் நீரில் இறக்கினார்கள். நீளம் 118.3 மீட்டர், அகலம் 13.5 மீட்டர், நீரில் அமிழும் ஆழம் ஐந்தரை மீட்டர். வடிவமைப்பின்படி எடை 3,664 டன். 10.5 செ.மீ. பீரங்கிகள் பத்து, புகைபோக்கிகள் மூன்று. பெரும் போர்க்கப்பல்களோடு ஒப்பிட்டால் சிறிய கப்பல்தான். பெரிய மாதிரிக்கு இது பொருந்துவதும் அதனால்தான். 263 மீட்டர் நீளமுள்ள ஜப்பானின் யமாட்டோவை 1:100 அளவில் கட்டினால் இரண்டரை மீட்டரைத் தாண்டிவிடும். அதை அறைவிட்டு அறைக்குத் திருப்புவதே பாடு. எம்டன் அதே அளவில் 118 செ.மீ. நீளமும் பதின்மூன்றரை செ.மீ. அகலமும் கொண்டு ஒரு மேசையில் அடங்கும்.

தாளை வெட்டி மடித்துத் திண்ம வடிவம் உண்டாக்கும் எண்ணம் பழையது. ஜெர்மன் ஓவியர் ஆல்பிரெக்ட் டியூரர் 1525-இல் வெளியிட்ட வடிவியல் நூலில் பன்முகத் திண்மங்களை விரித்து ஒரே தாளில் வரைந்து காட்டியிருக்கிறார். கப்பல் மாதிரிகளுக்குக் காகிதம் பரவலானது இருபதாம் நூற்றாண்டில். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் மரமும் உலோகமும் கிடைக்காத பிரிட்டனில் அஞ்சலட்டை அளவில் அச்சிட்ட ‘மைக்ரோமாடல்ஸ்’ என்ற காகித மாதிரிகள் விற்றன. போருக்குப் பிறகு ஜெர்மனியின் கடற்படை நகரமான வில்ஹெல்ம்ஸ்ஹாஃபனிலிருந்து 1:250 அளவுத் தாள்கள் வந்தன. போலந்தில் 1957-இல் தொடங்கிய ‘மாவி மொடேலாஷ்’ என்ற இதழ் காகித மாதிரிகளை இளைஞர்களின் கைக்குக் கொண்டுசேர்த்தது. இன்றும் மிக நுணுக்கமான காகிதக் கப்பல்கள் பல போலந்திலிருந்து வருகின்றன. எம்டன் பிறந்த டான்சிக் இப்போது கிதான்ஸ்க் என்ற பெயரில் அந்த நாட்டில்தான் இருக்கிறது.

எந்த அளவில் கட்டுவது என்பதுதான் முதல் முடிவு. மற்ற எல்லா முடிவுகளையும் அதுவே இழுத்துக்கொண்டு போகும். நல்ல பார்வையுள்ள மனிதக் கண்ணால் ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு வரை பிரித்தறிய முடியும். முப்பது செ.மீ. தொலைவில் அது 0.09 மி.மீ. அதைவிடச் சிறிய எதையும் செய்து பயனில்லை. கண் அதைப் பார்க்காது. 1:250 அளவில் இந்த 0.09 மி.மீ. என்பது உண்மைக் கப்பலில் இரண்டு செ.மீ.க்குச் சற்று அதிகம். 1:100 அளவில் ஒரு செ.மீ.க்கும் குறைவு. சிறிய மாதிரியில் வெறும் அச்சுக் கோடாக விட்டுவிடக்கூடிய கைப்பிடிக் கம்பி, ஏணிப்படி, கதவின் கீல் எல்லாம் பெரிய மாதிரியில் தனித்தனியே நிற்க வேண்டும். இல்லையென்றால் இல்லாதது கண்ணில் படும். மாதிரியைப் பெரிதாக்குவது என்றால் நீளத்தைக் கூட்டுவது மட்டுமல்ல, கப்பலைப் பற்றித் தெரிந்துவைத்திருக்க வேண்டியதும் பல மடங்கு கூடுகிறது.

இங்கே காகிதத்துக்குச் சாதகமான ஓர் அழகான பொருத்தம் இருக்கிறது. சாதாரண 80 கிராம் அச்சுத் தாளின் தடிப்பு ஏறத்தாழ 0.1 மி.மீ. 1:100 அளவில் அது ஒரு செ.மீ. இரும்பு. அந்தக் காலத்து இலகு க்ரூசரின் வெளித்தகடு ஏறக்குறைய அந்தத் தடிப்புள்ளதுதான். தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி ஆணி அறைந்து இணைந்த இடத்தில் ஒரு படி விழும். அந்தப் படியைத் தாளில் செய்ய வேண்டுமானால் ஒரு தாளின் விளிம்பை இன்னொன்றின்மேல் ஏற்றி ஒட்டினாலே போதும். கண்ணின் எல்லை, தாளின் தடிப்பு, தகட்டின் தடிப்பு மூன்றும் இந்த அளவில் ஒரே இடத்தில் வந்து சேருகின்றன. பிளாஸ்டிக் மாதிரிகளில் இந்தப் படி பெரும்பாலும் மிகைப்பட்டே இருக்கும். அச்சில் வார்க்கும் பொருளுக்கு அவ்வளவு மெல்லிய விளிம்பு எளிதில் வராது.

எடைக் கணக்கு வேறு கதை சொல்கிறது. நீளம் நூறில் ஒன்றானால் கன அளவு பத்து லட்சத்தில் ஒன்றாகும். 3,664 டன் கப்பல் 1:100 அளவில் 3.66 கிலோ நீரை விலக்க வேண்டும். தாளும் அட்டையுமாகக் கட்டிய இந்த உடல் என் கணக்கில் ஒரு கிலோவை ஒட்டியே நிற்கும். நீர்புகாமல் பூசி மிதக்கவிட்டால் நீர்க்கோட்டுக்கு வெகு மேலே மிதக்கும், எடை மேற்பகுதியிலேயே இருப்பதால் ஒரு பக்கம் சாய்ந்தும் விடும். உண்மை எம்டனில் கொதிகலன்களும் எந்திரங்களும் நிலக்கரியும் அடியில் கிடந்து கப்பலை நிமிர்த்திப் பிடித்தன. கப்பலின் எடை எங்கே இருந்தது என்பதைக் காலியான தாள் உடல் இப்படிக் காட்டிக்கொடுக்கிறது.

இனி எலும்புக்கூடு. படகு கட்டுவோர் சொல்லும் ஏராவும் வங்குகளும் இங்கேயும் உண்டு. நீளவாட்டில் நடுவே செங்குத்தாக ஓர் அட்டை, அதுதான் ஏரா. அதற்குக் குறுக்கே கப்பலின் வெட்டுமுக வடிவில் வரிசையாக வங்குகள். இரண்டிலும் பாதி ஆழத்துக்குப் பள்ளம் வெட்டி ஒன்றுக்குள் ஒன்று செருகுவார்கள். 1:250 தாள்களை வாங்கி இரண்டரை மடங்கு பெரிதாக்கி அச்சிட்டு 1:100 கப்பல் கட்டலாமே என்று தோன்றும். செய்யலாம், ஆனால் தாளின் இயற்பியல் உடன் பெரிதாவதில்லை. ஒரு மி.மீ. அட்டைக்கு வெட்டிய பள்ளம் இரண்டரை மி.மீ. ஆகிவிடும், அட்டை அதில் ஆடும். பள்ளங்களை எல்லாம் மறுபடி வரைய வேண்டும். அதைவிட முக்கியம், இரண்டு வங்குகளுக்கு நடுவே போர்த்திய தாள் தன் எடையால் தொய்யும் அளவு, இடைவெளியின் நான்காம் அடுக்கில் கூடுகிறது. அதே தாள், இரண்டரை மடங்கு இடைவெளி என்றால் தொய்வு முப்பத்தொன்பது மடங்கு. அதனால் பெரிய மாதிரியில் புதிய வங்குகளை இடையில் நுழைத்தே ஆக வேண்டும்.

விறைப்பைக் கூட்ட இன்னொரு வழி தடிப்பு. ஒரு பலகையின் வளையா விறைப்பு அதன் தடிப்பின் மூன்றாம் அடுக்கில் கூடும். இரண்டு தாள்களைச் சும்மா அடுக்கினால் விறைப்பு இரு மடங்கு. அதே இரண்டையும் நன்றாக ஒட்டிவிட்டால் எட்டு மடங்கு. பசைக்குச் செலவழிக்கும் நேரம் இப்படித்தான் திரும்பி வருகிறது. ஆகவே வெளித்தோலை ஒரே தடித்த தாளாகப் போடாமல், உள்ளே ஓர் அடித்தோல், அதன்மேல் அச்சிட்ட மேல்தோல் என்று இரண்டு அடுக்காகப் போடுவது நல்லது. வங்குகளின் விளிம்பு வெளியே வரிவரியாகத் தெரிவதும் இதனால் பெருமளவு மறையும்.

எலும்புக்கூடு தயாரானதும் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு மறுமுனையைத் திருகிப் பாருங்கள். வியப்பாக இருக்கும் அளவுக்கு எளிதாகத் திருகும். மேல்தளத்தையும் பக்கத் தோலையும் ஒட்டி உடலை மூடிவிட்டால் கல்லாக நிற்கும். மூடிய மெல்லிய குழாய் முறுக்கத்தைத் தாங்கும் அளவு திறந்த சட்டம் தாங்காது என்பது பொறியியலில் நன்கு அறிந்த விதி. இதில் ஓர் ஆபத்து ஒளிந்திருக்கிறது: திருகலோடு மூடிய உடல் அந்தத் திருகலைக் கடைசிவரை விடாது. எனவே தட்டையான கண்ணாடிப் பலகைமேல் ஏராவை நேராக நிறுத்தி, பாரம் வைத்து, இரு பக்கமும் மாற்றிமாற்றி ஒட்டுவார்கள். உண்மைக் கப்பல்தளத்திலும் இந்தக் கவலை உண்டு. தகடுகளை இடப்புறமும் வலப்புறமும் சமமாக ஏற்றிக்கொண்டே போவார்கள்.

தாளைப் பற்றியே கொஞ்சம் பேச வேண்டும். ஆலையில் கூழ் ஓடும் வலையின் திசையிலேயே செல்லுலோஸ் இழைகள் பெரும்பாலும் படிகின்றன. அதனால் ஒவ்வொரு தாளுக்கும் ஒரு நார்வாக்கு இருக்கிறது. கோரைப் பாய் ஒரு பக்கமாக எளிதில் சுருளும், மறுபக்கமாகச் சுருட்டினால் முரண்டும் அல்லவா, தாளும் அப்படித்தான். ஒரு சிறு துண்டை ஒரு பக்கம் மட்டும் நனைத்தால் அது சுருளும். சுருளின் அச்சு எந்தத் திசையில் இருக்கிறதோ அதுதான் நார்வாக்கு. ஈரம் பட்டால் இழை பருக்குமே தவிர அதிகம் நீளாது. ஆகவே தாள் நார்வாக்கில் கொஞ்சமாகவும் குறுக்கே பல மடங்காகவும் விரிகிறது. கப்பலின் அடிவயிறு நீளவாட்டு அச்சைச் சுற்றித்தான் வளைகிறது, எனவே நார்வாக்கு அணியம் என்ற முன்முனையிலிருந்து பின்முனை நோக்கி ஓட வேண்டும். வளைப்பதும் எளிது, நீளமும் அதிகம் மாறாது. 118 செ.மீ. உடல் ஆயிரத்தில் ஒரு பங்கு நீண்டால்கூட 1.2 மி.மீ.; மேல்தளம் ஒரு திசையிலும் பக்கத்தோல் வேறு திசையிலும் நீளும் என்றால் ஒட்டிய விளிம்பு அலையலையாக எழும்பிவிடும். சென்னை, நாகப்பட்டினம் போன்ற கடலோர ஊர்களில் ஐப்பசி மழையில் வெட்டிய பாகம் பங்குனி வெயிலில் பொருந்த மறுப்பதற்குக் காரணம் இதுதான். வெட்டும் முன் தாள்களைச் சில நாள் அதே அறையில் விரித்து வைத்துப் பழக்குவது வீண் வேலை அல்ல.

இப்போது நடுச்சிக்கலுக்கு வருவோம். ஒரு தாளை உருளைமேல் சுற்றலாம், கூம்பின்மேல் சுற்றலாம். ஒரு தேங்காயின்மேல் போர்த்திப் பாருங்கள், மடிப்பு விழாமல் படியாது. எந்தெந்தத் திண்மங்களின் பரப்பைத் தட்டையாக விரிக்க முடியும் என்று லியோனார்ட் ஆய்லர் பதினெட்டாம் நூற்றாண்டிலேயே ஆராய்ந்தார். 1827-இல் கார்ல் ஃபிரெடரிக் காஸ் அதற்கு அடித்தளமான விதியைக் கண்டார். பரப்பின் ஒரு புள்ளியில் மிக அதிகமாக வளையும் திசையின் வளைவையும் மிகக் குறைவாக வளையும் திசையின் வளைவையும் பெருக்கினால் ஓர் எண் வரும். இழுக்காமலும் கிழிக்காமலும் இருக்கும்வரை அந்தப் பரப்பை எப்படி வளைத்தாலும் அந்த எண் மாறாது. தட்டைத் தாளில் அது சுழி. ஆகவே வளைத்த தாளிலும் சுழிதான். அதாவது தாள் ஏதாவது ஒரு திசையில் நேராக இருந்தே தீரும். காஸ் தம் கண்டுபிடிப்பை ‘குறிப்பிடத்தக்க தேற்றம்’ என்றே அழைத்தார். அந்தப் பெருமிதம் நியாயமானது என்பதற்குக் காகிதக் கப்பலின் பின்புறமே சாட்சி.

எம்டனின் நடுப்பகுதி எளிது. பக்கங்கள் ஏறக்குறைய நேராக ஓடுகின்றன, அடிவயிறு உருளையாகத் திரும்புகிறது. அணியத்தில் நீருக்குக் கீழே மோதுமுனை முன்னோக்கிப் பிதுங்குகிறது. அதைக் கூம்புத் துண்டுகளாகப் பிரித்துச் சமாளிக்கலாம். பின்புறம் இரு திசையிலும் ஒருசேர உருள்கிறது. அங்கே ஒரே வழி, பரப்பைப் பட்டைகளாக அறுத்து ஒவ்வொரு பட்டையையும் ஒரு திசையில் மட்டும் வளைப்பது. எவ்வளவு அகலப் பட்டை? பட்டையின் அகலத்தை வர்க்கப்படுத்தி, வளைவு ஆரத்தின் எட்டு மடங்கால் வகுத்தால் உண்மை வடிவிலிருந்து தாள் விலகும் தொலைவு கிடைக்கும். நடுப்பகுதியில் நீளவாட்டு வளைவின் ஆரம் இரண்டு மீட்டர் என்றால் ஐந்து செ.மீ. பட்டையின் பிழை 0.16 மி.மீ. மட்டுமே. பின்புறத்தில் ஆரம் ஐந்து செ.மீ. என்றால் ஒரு செ.மீ. பட்டையே கால் மி.மீ. விலகும், மூலைகள் கண்ணில் உறுத்தும். பட்டையைப் பாதியாக்கினால் பிழை நான்கில் ஒன்றாகி 0.06 மி.மீ.க்கு இறங்கும். கண்ணின் எல்லைக்குக் கீழே போய்விட்டது. அதற்கு மேல் அறுக்க வேண்டியதில்லை.

கப்பல்தளத்துக் கொல்லர்கள் இதே இடத்தில் உலையை மூட்டினார்கள். பக்கத் தகடுகளை உருளைகளுக்கு நடுவே கொடுத்து ஒரு திசையில் வளைத்தால் போதும். பின்புறத் தகடுகளை மட்டும் செந்தழலாகக் காய்ச்சி, அச்சின்மேல் கிடத்தி, அடித்து நீட்ட வேண்டும். பின்னாளில் தீச்சுடரைக் கோடுகோடாக ஓட்டி நீரால் குளிரவைத்து, சுருக்கத்தாலேயே தகட்டை வளைக்கும் முறை வந்தது. இன்றைய கப்பல்தளங்களிலும் அது கையாளப்படுகிறது. காஸின் விதியை மீற வேண்டுமானால் பரப்பை இழுக்க வேண்டும் அல்லது சுருக்க வேண்டும். இரும்புக்கு அதைச் செய்வது நெருப்பு. தாளுக்குச் செய்வது தண்ணீர்.

தாளின் இழைகளைப் பிடித்துவைத்திருப்பவை ஹைட்ரஜன் பிணைப்புகள். நீர் புகுந்ததும் அவை நெகிழ்ந்து இழைகள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கும். அந்த நிலையில் மென்மையான ரப்பர்மேல் வைத்து உருண்டை முனைக் கருவியால் தேய்த்தால் தாள் சற்றே குழிந்து கொடுக்கும். உலர்ந்ததும் பிணைப்புகள் புதிய இடத்தில் மறுபடி இறுகி அந்தக் குழிவைத் தக்கவைக்கும். இதைப் பெரிய அளவில் செய்து காட்டியவர்கள் உண்டு. அமெரிக்காவின் ட்ராய் நகரில் எலிஷா வாட்டர்ஸ் குடும்பத்தார் மர அச்சின்மேல் ஈரத் தாளைப் போர்த்தி உலர்த்தி, நீர்புகாமல் பூசி, உண்மையிலேயே துடுப்புப் போடும் படகுகளை விற்றார்கள். அத்தகைய காகித ஓடம் ஒன்றில் நதானியல் பிஷப் 1874-75-இல் ட்ராயிலிருந்து மெக்சிகோ வளைகுடா வரை போய்ச் சேர்ந்தார்.

உடல் முடிந்தபின் வரும் நுண்வேலைகளில் எது கடினம் என்பதையும் காஸின் விதியே சொல்லிவிடும். மூன்று புகைபோக்கிகளும் உருளைகள், பாய்மரக் கம்பங்கள் மெல்லிய கூம்புகள். அவை பெரிதாகத் தெரிந்தாலும் எளியவை. பீரங்கிக் குழல் வாயகலத்தைப் போல நாற்பது மடங்கு நீளமுள்ளது, அதாவது 4.2 மீட்டர். மாதிரியில் 4.2 செ.மீ.; வாய் ஒரு மி.மீ. மெல்லிய தாளைச் சரிவாக வெட்டி, நார்வாக்கு குழலின் நீளத்தோடு ஓடும்படி, கம்பியின்மேல் இறுக்கச் சுருட்டினால் அடி பருத்து நுனி சிறுத்த குழல் கிடைக்கும். கையைச் சோதிப்பவை சின்னஞ்சிறு பொருள்கள்: தளமெங்கும் நிற்கும் காற்றுக்குழாய்களின் எக்காள வாய், தொங்கும் மீட்புப் படகுகள். ஆரம் சிறுக்கச் சிறுக்கப் பட்டையும் சிறுக்க வேண்டும். விரல் நீளப் படகுக்கு எம்டனின் முழுப் பக்கத்தைவிட அதிக நேரம் பிடிப்பதில் வியப்பில்லை.

பசையை அளவோடு தேர்ந்தெடுக்க வேண்டும். வெள்ளைப் பசை நீரில் விரவிய பாலிமர். அகலமான பரப்பில் பூசினால் அதிலுள்ள நீரே தாளை உப்பவைக்கும். அது விளிம்புகளுக்கு ஏற்றது. பெரிய பரப்புகளுக்குக் கரைப்பான் கலந்த பசை நல்லது. சயனோஅக்ரிலேட்டை வெட்டு விளிம்பில் ஊறவிட்டால் தாள் பிளாஸ்டிக் போல இறுகும்; உப்புத்தாளால் தேய்த்துக் கூராக்கலாம். வெட்டிய விளிம்பில் தெரியும் வெள்ளையை ஒட்டுவதற்கு முன்பே நீர்வண்ணத்தால் மறைத்துவிட வேண்டும். மைதாப் பசை மட்டும் வேண்டாம். மாவுச்சத்தைத் தேடி இராமபாணப் பூச்சி வரும். சில ஆண்டுகளில் வங்குகளைத் தின்றுவிடும். நீண்டநாள் நிற்க வேண்டிய மாதிரிக்கு அமிலமற்ற தாளை வாங்குவதும் அவசியம்: அமிலம் செல்லுலோஸ் சங்கிலிகளை மெல்ல அறுத்துத் தாளை மஞ்சளாக்கி நொறுக்கும்.

கடைசியாக, எந்த நாளின் எம்டன் என்று தீர்மானிக்க வேண்டும். போருக்கு முன் சீனாவின் சிங்தாவ் துறைமுகத்தில் வெள்ளை உடலோடு நின்றபோது அதைக் கிழக்கின் அன்னம் என்றார்கள். போர் வந்ததும் சாம்பல் நிறம் பூசினார்கள். அதோடு நான்காவது புகைபோக்கி ஒன்றும் உண்டு. கேப்டன் கார்ல் ஃபான் முல்லரின் கப்பல் நான்கு புகைபோக்கிகள் கொண்ட பிரிட்டிஷ் க்ரூசர் யார்மவுத் போலத் தெரிய வேண்டும் என்பதற்காக, துணை அதிகாரி ஹெல்முட் ஃபான் முக்கே பொய்ப் புகைபோக்கி ஒன்று செய்யவைத்தார். முதலில் கட்டியது தட்டையான கித்தான் துணி. பக்கவாட்டில் பார்த்தால் பொருந்தியது, முன்னாலிருந்து பார்த்தால் கனமே இல்லாமல் காட்டிக்கொடுத்தது. பிறகு மரச்சட்டம் கட்டி அதன்மேல் கித்தான் போர்த்தி உருண்டையாக்கினார்கள். 1914 அக்டோபர் 28 விடியலில் எம்டன் பினாங்குத் துறைமுகத்துக்குள் நுழைந்தபோது அந்தப் புகைபோக்கி நின்றது. ரஷ்யக் க்ரூசர் ஜெம்சுக் அன்று மூழ்கியது.

பினாங்கு நாளைத் தேர்ந்தெடுப்பவர் அந்த நான்காவதை மற்ற மூன்றைப் போல மொழுமொழுவென்று உருட்டிவிடக் கூடாது. மெல்லிய குச்சிகளால் சட்டம் கட்டி, டிஷ்யூ தாளை நனைத்துப் போர்த்தி, உலரும்போது சட்டங்களுக்கு நடுவே சற்று உள்வாங்கவிட வேண்டும். தளத்தோடு ஒட்டவும் வேண்டாம். எம்டனின் மாலுமிகள் அதை வேண்டும்போது ஏற்றி, வேண்டாதபோது இறக்கினார்கள். மாதிரியிலும் கழற்றி வைக்கும்படி இருக்கட்டும்.